தபால்காரர் ஒருவருக்காகத் திறந்த சட்டக் கல்லூரி



கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வரவேண்டாம் என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம்மட ஊர் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு நானா ஒரு யோசனை போட்டிருந்தார். திருகோணமலையில் ஒரு சட்டக் கல்லூரி வரவேண்டும், நம்மட பிள்ளைகள் சட்டம் படிக்கக் கொழும்புக்கு ஓடவேண்டிய நிலை மாறவேண்டும் என்று. நல்ல யோசனை. நாங்களும் கைதட்டினோம். ஆனால் அஸருக்குப் பாங்கு சொல்வதற்குள் இன்னும் பிறக்காத அந்தக் கல்லூரிக்கு மூன்று பெயர்கள் வைத்தாகிவிட்டது. ஒன்று ஒரு அரசியல்வாதியின் பெயர். ஒன்று ஒரு ஆலிமின் பெயர். மூன்றாவது, "எங்கட ஆக்களில முதல் ஜட்ஜா இருந்தவர்ட பேர வைங்களேன்" என்று ஒருவர் சொன்னது. மஃரிபுக்குள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போய்விட்டார்கள்.

யார் படிப்பிப்பது, எந்த மொழியில் படிப்பிப்பது, யார் உள்ளே வரலாம், புத்தகம் எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயர்ப்பலகைக்கு மட்டும் அடிபிடி.

நாங்கள் என்றால், இடைவேளையில் ஒரே மேசையைச் சுற்றி இருந்து பிளேன்டீ குடிக்கிற ஐந்து ஆசிரியர்கள். எழுதுவது ஒரு கை, பேச்சு எல்லோருடையதும். எங்களில் எவரும் சட்டம் படித்தவரல்ல. மூன்று பேர் அட்டாளைச்சேனையில் கல்வியியற் கல்லூரி முடித்தவர்கள், இருவர் வெளிவாரிப் பட்டம். ஆகவே சட்டம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் திருத்துங்கள். ஆனால் பள்ளிக்கூடம் என்றால் என்ன, அது எப்படி உண்டாகிறது, எதனால் நாசமாகிறது என்பது எங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.

அந்தக் குரூப் சண்டையைப் பார்த்தபோது எங்களுக்கு ஞாபகம் வந்தது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த ஒரு கதை. அதை முதலில் சொல்கிறோம்.

ஹீமன் ஸ்வெட் என்று ஒருவர். கறுப்பினத்தவர். 1912ல் ஹியூஸ்டன் நகரில் பிறந்தவர். பட்டம் முடித்து, கொஞ்ச காலம் எங்களைப் போல ஆசிரியராகவும் இருந்து, கடைசியில் தபால்காரரானார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கடிதம் கொடுக்கிற வேலை. அந்தத் தபால் திணைக்களத்தில் ஒரு தந்திரம் இருந்தது. மேற்பார்வையாளர் பதவிக்கு உயரவேண்டுமானால் முதலில் கிளார்க்காக வேலை செய்திருக்கவேண்டும். கறுப்பர்களைக் கிளார்க்காக எடுப்பதில்லை. சட்டத்தில் "கறுப்பருக்குப் பதவி இல்லை" என்று ஒரு வரியும் இல்லை, ஆனால் கறுப்பர் ஒருவரும் மேலே வரமுடியாது. இந்த மாதிரித் தந்திரம் எங்களுக்குப் புதிதில்லை, இல்லையா? இதை எதிர்த்து ஆவணம் திரட்டப் போன இடத்தில்தான் ஸ்வெட்டுக்குச் சட்டத்தில் ஆசை பிடித்தது.

1946 பெப்ரவரியில், 33 வயதில், அவர் ஒஸ்டின் நகரில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். தகுதியெல்லாம் இருந்தது. நிறம் மட்டும் இடிக்கிறது என்றார்கள். மாநிலச் சட்டப்படி அது வெள்ளையருக்கான கல்லூரி. ஸ்வெட் வழக்குப் போட்டார். அவருக்காக நின்ற சட்டத்தரணி தர்கூட் மார்ஷல்.

அன்றைய அமெரிக்கச் சட்டம், தனித்தனியாக வைக்கலாம், ஆனால் சமமாக இருக்கவேண்டும் என்று சொன்னது. கறுப்பருக்கு டெக்சாஸில் சட்டக் கல்லூரியே இல்லை. அப்படியானால் சமம் எங்கே? நீதிபதிக்கு இது விளங்காமல் இல்லை. விளங்கியும், ஸ்வெட்டைச் சேர்த்துக்கொள் என்று கட்டளையிடாமல், மாநிலத்துக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார். அந்த ஆறு மாதத்துக்குள் கறுப்பருக்கு ஒரு சட்டக் கல்லூரி தயாராகவேண்டும்.

தயாராகிவிட்டது. ஒரு ஆளை வெளியே வைத்திருப்பதற்காக ஒரு மாநில அரசு ஒரு கல்லூரியையே திறந்தது! 1947 மார்ச்சில் ஒஸ்டினில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறைகளை எடுத்து, இதோ உங்கள் சட்டக் கல்லூரி என்றார்கள். அதற்கென்று சொந்த விரிவுரையாளர்கள் இல்லை. வெள்ளையர் கல்லூரியிலிருந்து வந்துபோவார்கள். அதே மாதம் ஹியூஸ்டனில் கறுப்பருக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைக்கவும் சட்டம் நிறைவேறியது. சட்டக் கல்லூரி பிறகு அங்கே போனது.

ஸ்வெட் போகவில்லை. கதவு திறந்திருக்கிறது, கட்டணம் கட்டினால் நாளைக்கே வகுப்பு. ஆனாலும் அவர் போகவில்லை.

எங்கள் மேசையில் இந்த இடத்தில்தான் வாக்குவாதம் வந்தது. ஒருவர் சொன்னார்: "கிடைச்சத எடுத்துப் படிச்சிருக்கலாமே. நாலு வருஷம் வழக்குப் பேசின நேரத்துக்கு லோயராகவே வந்திருக்கலாம்." நியாயமான கேள்விதான். நாங்களும் எத்தனையோ பெற்றோருக்கு இதைத்தானே சொல்கிறோம்: கிடைத்த பாடசாலையில் சேருங்கள், பிள்ளை கெட்டிக்காரன் என்றால் எங்கே இருந்தாலும் வருவான் என்று.

உயர் நீதிமன்றம் 1950 ஜூன் 5ஆம் திகதி ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் என்ற முறையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அது. வெள்ளையர் கல்லூரியில் 16 முழுநேரப் பேராசிரியர்கள், 850 மாணவர்கள், நூலகத்தில் 65,000 புத்தகங்கள். அப்போது ஹியூஸ்டனுக்கு மாறியிருந்த கறுப்பர் கல்லூரியில் 5 பேராசிரியர்கள், 23 மாணவர்கள், 16,500 புத்தகங்கள். எண்ணிக்கையிலேயே சமம் இல்லை.

நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. எண்ண முடியாத சில விசயங்களும் ஒரு சட்டக் கல்லூரியில் இருக்கின்றன என்றது. ஆசிரியர்களின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு, ஊரில் அந்தக் கல்லூரிக்கு இருக்கும் மதிப்பு. அதைவிட முக்கியமாக இன்னொன்று சொன்னது. அந்த மாநிலத்தில் 85 வீதமான மக்கள் வேறு இனத்தவர்கள். ஸ்வெட் நாளைக்குச் சட்டத்தரணியாகி வாதாடப் போகிற நீதிபதிகள், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள், சாட்சிகள், ஜூரிமார் எல்லோரும் பெரும்பாலும் அந்த 85 வீதத்துக்குள்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவரோடும் ஒரு வாங்கில் உட்காராமல், ஒருவரோடும் வாதம் பண்ணிப் பழகாமல் படிக்கிற சட்டம் என்ன சட்டம்?

"கிடைச்சத எடுத்திருக்கலாமே" என்று சொன்னவர் அதோடு பேச்சை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

ஸ்வெட் 1950 செப்டெம்பரில் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்குள் காலடி வைத்தார். வழக்கில் வென்ற கதை இத்தோடு முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். முடியவில்லை. நாலு வருட வழக்கு அவருடைய உடம்பைத் தின்றிருந்தது. நோய், பணக்கஷ்டம், குடும்பத்தில் பிரிவு. பரீட்சைகளில் தவறினார். 1952ல் சட்டப்படிப்பை விட்டார். அவர் சட்டத்தரணி ஆகவே இல்லை. பிறகு சமூகப்பணியில் முதுமாணிப் பட்டம் எடுத்து, அந்தத் துறையில் வேலை செய்து, 1982ல் காலமானார்.

அந்தக் கல்லூரி, ஒரு ஆளை ஒதுக்கி வைக்கத் திறந்த அந்தக் கல்லூரி, என்னவானது தெரியுமா? அது மூடப்படவில்லை. அங்கே படித்தவர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1970களில் அதற்குப் புதிய பெயர் வைத்தார்கள்: தர்கூட் மார்ஷல் சட்டக் கல்லூரி. "இந்தக் கல்லூரி சமமானதல்ல" என்று நீதிமன்றத்தில் நின்று வாதாடிய அதே மனிதரின் பெயர்! அதற்குள் அவர் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகியிருந்தார். 1967ல் நியமனம், 1991 வரை பதவி. சட்டம் படிக்கிற வயதில் சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகமான மேரிலாண்டில் கறுப்பருக்கு இடமில்லை என்பதால், வொஷிங்டனில் இருக்கும் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். 1933ல் முதலாவதாகத் தேறினார். இரண்டு மூன்று வருடத்திலேயே அதே மேரிலாண்ட் சட்டக் கல்லூரிக்கு எதிரான வழக்கில் நின்று, ஒரு கறுப்பின மாணவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். இன்று அந்தக் கல்லூரியின் சட்ட நூலகத்துக்கும் மார்ஷலின் பெயர்தான்.

ஸ்வெட்டின் பெயர் எங்கே? ஒஸ்டினில் அவர் முதல் தடவை தோற்றுப்போன அந்த நீதிமன்றக் கட்டடத்துக்கு 2005ல் அவருடைய பெயரை வைத்தார்கள். அவர் இறந்து 23 வருடத்துக்குப் பிறகு.

அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். முதலில் வழக்கு வந்தது, பிறகு மாணவர்கள் வந்தார்கள், பிறகு புத்தகங்கள் வந்தன. பெயர் வந்தது முப்பது வருடம் கழித்து. நம்மட குரூப்பில் முப்பது நிமிசம்.

இனி நம்மட நாட்டுக்கு வருவோம்.

குரூப்பில் ஒருவர் கேட்ட "முதல் ஜட்ஜ்" யார் என்று பலருக்குத் தெரியவில்லை. ஒருவர் சித்திலெவ்வை என்றார். அறிஞர் சித்திலெவ்வை 19ஆம் நூற்றாண்டிலேயே புரொக்டரானவர், முஸ்லிம்களில் முதலாமவர். கண்டியில் மாநகர நீதிவானாகவும் இருந்திருக்கிறார். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அவரை "முஸ்லிம் நேசன்", "அசன்பே சரித்திரம்" என்று பாடமாக்கிக் கொடுக்கிறோமே தவிர, அவர் சட்டம் தெரிந்த ஆள் என்பதை நாங்களே அழுத்திச் சொல்வதில்லை. எங்கள் பிழைதான். கோட்டுப் படியேறியவர் பள்ளிக்கூடம் கட்டப் போனார் என்பது சும்மா ஒரு தகவல் இல்லையே.

உயர் நீதிமன்றத்துக்குப் போன முதல் முஸ்லிம், மாஸ் தாஜூன் அக்பர். மலாய்க் குடும்பத்தவர். கொழும்பு றோயல் கல்லூரி, பிறகு கேம்பிரிஜ். சொலிசிட்டர் ஜெனரலாக இருந்து நீதியரசரானவர். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் எங்கே அமையவேண்டும் என்று 1920களில் பெரிய சண்டை நடந்தது. கொழும்பிலேயே வைக்கவேண்டும் என்று ஒரு பக்கம். கண்டிப் பக்கம், மாணவர்கள் தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகமாக வரவேண்டும் என்று மறுபக்கம். அக்பர் இந்த மறுபக்கத்தில் உறுதியாக நின்றவர்களில் ஒருவர். வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதி சமயப் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டுப் படிப்பதற்கு அப்படி ஒரு இடம்தான் பொருத்தம். 1950ல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னதற்கும் இதற்கும் ஏதோ ஒரு சொந்தம் இருப்பதாக எங்களுக்குப் படுகிறது.

1942ல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்தது. 1949ல் பேராதனைக்கு முதலில் இடம்மாறிய பகுதிகளில் ஒன்று சட்டத்துறை. பிறகு 1960களில் அது கொழும்புக்கே திரும்பிப் போய்விட்டது. பேராதனையில் இன்று அக்பரின் பெயர் இருப்பது சட்டத்துக்குப் பக்கத்தில் அல்ல. பொறியியல் பீடத்துப் பக்கம் இருக்கிற அக்பர் விடுதியில். நம்மட ஊரிலிருந்து இஞ்சினியரிங் போன பிள்ளைகள் வருடக்கணக்காக அங்கே தூங்கி எழும்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் கேட்டோம், அக்பர் யார் என்று. "சேர், மொகலாய ராஜா தானே?" என்றார். சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. பெயர் வைத்தால் ஞாபகம் தானாக வரும் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம். அந்த விடுதிக்குப் பக்கத்தால் ஓடுகிற மகாவலிதான் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் வந்து கடலில் சேர்கிறது. ஆறு வந்து சேர்ந்திருக்கிறது, ஆளைப் பற்றிய தகவல் வந்து சேரவில்லை.

இலங்கைச் சட்டக் கல்லூரிக்கு எந்த நீதிபதியின் பெயரும் இல்லை. 1874ல் தொடங்கியது, புதுக்கடையில் இருக்கிறது, வெறும் "சட்டக் கல்லூரி". நூற்றைம்பது வருடமாக அதற்குப் பெயர் ஒரு குறையாக இருக்கவில்லை. அதன் வாசலில் நம்மவர்கள் பட்ட பாடு வேறு விதமானது.

1905ல் எம்.சி. அப்துல் காதர் என்ற சட்டத்தரணி தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்றார். பிரதம நீதியரசர் லயார்ட், தொப்பியைக் கழற்றச் சொன்னார். அப்துல் காதர் கழற்றவில்லை, வெளியே நடந்தார். அந்த வருடக் கடைசியில் மருதானைப் பள்ளிவாசலில் நாடு முழுவதிலுமிருந்து முஸ்லிம்கள் கூடினார்கள். கடைசியில் தொப்பியோடு வாதாட அனுமதி கிடைத்தது. இந்தக் கதையை நாம் மேடைகளில் சொல்வோம், பெருமைப்படுவோம். அந்தக் கதையில் நாம் கவனிக்காத ஒன்று இருக்கிறது: தொப்பியைக் கழற்று என்று சொல்வதற்கு முதலில் அங்கே தொப்பி போட்ட ஒரு சட்டத்தரணி இருக்கவேண்டும். அவர் சட்டம் படித்து உள்ளே வந்ததால்தான் அந்தச் சண்டையே நடந்தது. வெளியே நின்றவர்களின் தொப்பியை நீதிமன்றம் கணக்கிலும் எடுத்திருக்காது.

நம்மட காலத்தில் வந்த தடை உடுப்பில் மட்டுமில்லை, மொழியிலும் வந்தது. 2020 டிசம்பர் கடைசியில் வந்த ஒரு வர்த்தமானியில், சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் என்று விதி போட்டார்கள். தமிழில் படித்த பிள்ளைக்கும் சிங்களத்தில் படித்த பிள்ளைக்கும் ஒரே அடி. ஆங்கிலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆங்கிலம் இல்லாமல் சட்டத்தில் ஆழம் போகமுடியாது என்பது உண்மை. ஆனால் கிண்ணியாவிலும் தோப்பூரிலும் குச்சவெளியிலும் ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலைகளை அப்படியே வைத்துக்கொண்டு, பரீட்சையை மட்டும் ஆங்கிலத்தில் வைத்தால் அது அந்தத் தபால் திணைக்களத்துத் தந்திரம் இல்லையா? ஒருவரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வரத்தான் முடியாது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த விதிகளைத் தோற்கடித்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நம்மட குரூப்பில் இதைப்பற்றி எத்தனை மெசேஜ் வந்தது என்று பின்னோக்கித் தேடிப் பார்த்தோம். நாலு. அதில் ஒன்று ஜனாஸா அறிவித்தலுக்கு நடுவில் தெரியாமல் போட்டதென்று அழித்தது.

இதெல்லாம் ஏன் எங்களுக்கு இவ்வளவு பெரிய விசயம் என்று கேட்கலாம்.

எங்களிடம் உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கிற ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் வேண்டாம். வாப்பா மீன்பிடி. அவருக்கு உறுதி இல்லாத, பெர்மிட் காணி ஒன்று. அதில் ஒரு பிரச்சினை வந்து பொலிஸுக்குப் போனார். அவர் தமிழில் சொன்னார், எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார்கள். நீதிமன்றத்தில்தான் தெரிந்தது, அவர் சொன்னதும் எழுதியிருப்பதும் வேறு என்று. அதைச் சரிப்படுத்த மூன்று வருடம் தவணை தவணையாக அலைந்தார். ஒரு தவணைக்குப் போகிற நாள் கடலுக்குப் போகாத நாள். வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் கடதாசியில் இருக்கிற மொழிக்கும் கையெழுத்துப் போடுகிற இடத்து மொழிக்கும் நடுவில் அந்த மனிதர் மூன்று வருடம் கிடந்தார். அந்தத் தவணைகளுக்கு வாப்பாவோடு கூடப்போன பிள்ளைதான் இவள். பத்தாம் வகுப்பிலேயே சத்தியக் கடதாசி என்றால் என்னவென்று எங்களுக்கு விளக்கம் சொன்னவள்.

"சட்டம் படிக்க விருப்பம்" என்று அவள் சொன்னபோது நாங்கள் சொன்ன பதிலில் எங்களுக்கே திருப்தி இல்லை. பல்கலைக்கழகச் சட்டபீடம் என்றால் மிக நல்ல இசட் புள்ளி வேண்டும். யாழ்ப்பாணத்தில் தமிழ்ச் சூழலில் சட்டத்துறை இருக்கிறது. சட்டக் கல்லூரி என்றால் நுழைவுப் பரீட்சை, கொழும்பில் போடிங், சாப்பாடு, மூன்று வருடம், அதற்குப் பிறகு ஒரு சட்டத்தரணியிடம் பயிற்சி. திறந்த பல்கலைக்கழகம் வழியாக வீட்டிலிருந்தும் சட்டமாணிப் பட்டம் படிக்கலாம். ஆனால் வருடங்கள் இழுக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "துஆ செய்யுங்க" என்றோம். துஆ செய்யத்தான் வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொரு விசயம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறோம். அந்தப் பிள்ளை சட்டம் படித்து, நீதிச்சேவைப் பரீட்சை எழுதி, திருகோணமலையிலேயே நீதிவானாக வந்து உட்காரலாம். மாவட்ட நீதிபதியாகலாம், மேல் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் இன்றைய முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அவள் ஒரு காழியாக முடியாது. ஆண் மட்டும்தான். காழி நீதிமன்றத்தில் சட்டத்தரணியாக ஆஜராகவும் முடியாது, ஏனென்றால் அங்கே சட்டத்தரணிகளுக்கே இடமில்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதைத் திருத்துவதா, எப்படித் திருத்துவது என்பதில் உலமாக்களுக்கும் பெண்கள் அமைப்புகளுக்கும் நடுவில் நடக்கிற விவாதத்தை நாங்கள் இங்கே தீர்த்து வைக்கப் போவதில்லை. எங்கள் மேசையிலேயே இரண்டு கருத்து இருக்கிறது. ஒன்று மட்டும் ஐந்து பேருக்கும் ஒத்துப்போகிறது: அந்த விவாதத்தில் அந்தச் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தவர்கள் மிகக் குறைவு. அதில் சட்டம் படித்த கிழக்கு மாகாணப் பெண்கள் இன்னும் பத்துப் பேர் இருந்திருந்தால், இரண்டு பக்கமும் இவ்வளவு சத்தம் போடவேண்டி வந்திருக்காது.

சரி, திருகோணமலையில் சட்டக் கல்லூரி வேண்டுமா? வேண்டும் என்றுதான் நாங்கள் சொல்கிறோம். ஆனால் அது "எங்கட ஆக்கள்ட சட்டக் கல்லூரி" என்று தொடங்கினால் நாங்கள் அதற்குக் கைதட்டமாட்டோம்.

இதற்குப் பதிலாக ஒலுவிலைக் காட்டுவார்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒதுக்கப்பட்டதால் பிறந்ததுதானே என்று. உண்மை. யுத்தக் காலத்தில் நம்மட பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போய்ப் படிக்கமுடியாத நிலை வந்தது. 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. அது இல்லாவிட்டால் எங்களில் பலருடைய தம்பி தங்கச்சிமார் பட்டதாரிகள் ஆகியிருக்கமாட்டார்கள். நன்றி மறக்கவில்லை. ஆனால் இன்று அங்கே சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் மிகவும் பிடித்த விசயம்.

சட்டப்படிப்புக்கு இது இரட்டிப்பு உண்மை. 2012 குடிசன மதிப்பீட்டில் நம்மட மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 40 வீதம், தமிழர்கள் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர்கள் 27 வீதமளவில். ஒரு துறைமுகத்தைச் சுற்றி மூன்று சமூகமும் இவ்வளவு நெருக்கமாக வேறு எங்கே இருக்கிறது? இங்கே ஒரு காணி வழக்கை எடுத்தால் உறுதி ஒரு மொழியில் இருக்கும், நில அளவைப் படம் இன்னொரு மொழியில் இருக்கும், சாட்சி மூன்றாவது ஆள். ஜமாலியாவுக்கும் சீனக்குடாவுக்கும் கந்தளாய்க்கும் பொதுவாக ஒரு வகுப்பறை வந்தால், அதில் பக்கத்து வாங்குப் பிள்ளையோடு சண்டை பிடித்துச் சட்டம் படித்தால், நாளைக்கு அதே இரண்டு பேரும் கோட்டில் எதிரெதிரே நின்றாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கும்.

இனிக் குரூப்பில் சண்டை பிடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி வர பத்து வருடம் ஆகலாம், இருபதும் ஆகலாம், வராமலும் போகலாம். அது அமைச்சர்மார் கையில். எங்கள் கையில் இருப்பது என்னவென்று பார்த்தோம்.

எங்கள் பாடசாலை நூலகத்தில் சட்டம் என்று எண்ணினால் மூன்று புத்தகம் இருக்கிறது. அதில் ஒன்று அரசியலமைப்பின் பழைய பிரதி, திருத்தங்கள் வருவதற்கு முந்தியது, பின் அட்டை இல்லை. தமிழில் இருக்கும் சட்ட நூல்கள், பழைய சட்டக் கல்லூரிக் குறிப்புகள், நுழைவுப் பரீட்சை வினாத்தாள்கள் யாரிடம் இருந்தாலும் கொடுங்கள். கொழும்பில் சட்டத்தரணிகளாக இருக்கும் நம்மட ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இந்தப் பதிவை வாசிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் அலமாரியில் தூசி பிடித்துக் கிடப்பவை இங்கே தேவைப்படுகின்றன. வருடத்துக்கு ஒருமுறை பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது இரண்டு மணித்தியாலம் ஒதுக்கிப் பிள்ளைகளோடு பேசுங்கள். பொன்னாடை போர்த்தமாட்டோம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கு அங்கே இலவசமாக ஆலோசனை கிடைக்கும் என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த மீனவருக்கும் மூன்றாவது வருடத்தில்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு, உயர்தரக் கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கு, எங்கள் பாடசாலை நூலகத்தில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்குகிறோம். கட்டணம் இல்லை. எந்தப் பாடசாலைப் பிள்ளையும் வரலாம், எந்தச் சமயமும் பரவாயில்லை. பக்கத்துப் பாடசாலைத் தமிழ் டீச்சர் ஒருவர் தன்னுடைய ஆறு பிள்ளைகளைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். சிங்களத்தில் முறைப்பாடு எழுதினால் அதை வாசித்து விளங்குகிற அளவுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்க, ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் கந்தளாயிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் வருகிறேன் என்றார். அவருக்குப் பஸ் காசு மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

முதல் நாள் வாசிக்கப்போவது ஸ்வெட் வழக்குத் தீர்ப்பு. சின்னத் தீர்ப்புத்தான், தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம், ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது. அந்தப் பிள்ளை கையெழுத்து அழகு என்பதால் பிரதி எடுக்கிற வேலையை அவளிடமே கொடுத்திருக்கிறோம்.

வாசிப்பு வட்டத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கமெண்டில் யாரும் பெயர் எழுதவேண்டாம். புத்தகம் இருந்தால் எழுதுங்கள்.